முதுகலை வெளிச்சம்

சித்திக்காவுக்கு நாடக மேடைக்கு லைட் போடத் தெரியும். அது ஒரு குறை என்பது அவள் மேற்படிப்புக்குப் போன பிறகுதான் தெரியவந்தது.

காரைக்கால் பாரதியார் வீதியில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் மீரா சாகிபின் இளைய மகள் அவள். கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போது ஆண்டு விழா நாடகத்தில் நடிக்கச் சொன்னார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு மேடை ஓரத்தில் சுவிட்ச் போர்டு பக்கம் ஒதுங்கினாள். ராஜா சாகிற கட்டத்தில் கை தவறி, ஒரு விளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள். அதுவரை சீட்டியடித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடிக்கொண்டது. ராஜாவாக நடித்தவனுக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று அவன் அம்மா எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் சித்திக்காவுக்கு அப்புறம் தெளியவே இல்லை.

படிப்பு முடிந்ததும் அருள்ராஜின் நாடகக் குழுவில் சேர்ந்தாள். அருள்ராஜ் பகலில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நாகப்பட்டினமோ திருவாரூரோ புதுச்சேரியோ, எங்கே மேடை கிடைத்தாலும் நடிகர்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சித்திக்கா ஏணியில் ஏறி வாடகை விளக்குகளைத் திருப்புவாள், கலர் தாளை வெட்டி ஒட்டுவாள், இறங்கி வந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். அம்பகரத்தூரில் ஒரு தடவை வெறும் வெளிச்சத்தை வைத்தே மேடையில் மழை வரவழைத்தாள். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டில்தான் சங்கடம். உம்மா சஃபியாவால் மகள் பார்க்கிற வேலையை வெளியே சொல்ல முடியவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் லைட் போடுகிறாள் என்று சொன்னால், அப்படியானால் கல்யாணத்துக்கு சீரியல் செட் உங்கள் பொறுப்பா என்று கேட்கிறார்கள். ஒரு எம்.ஏ. இருந்தால் லைட்டை அதற்குப் பின்னால் நிறுத்தி மறைத்துவிடலாம் என்பது உம்மாவின் யோசனை.

அந்த யோசனை அரசாங்கத்தின் காதில் விழுந்ததோ என்னவோ, ஒரு சுற்றறிக்கை வந்தது. நாடகக் குழுக்களுக்கு நல்கை கொடுக்கிற ஒரு அலுவலகம், முதுகலைப் பட்டம் பெற்ற ஒளியமைப்பாளரை வைத்திருக்கும் குழுவுக்குத்தான் இனி உதவி என்று அறிவித்திருந்தது. அருள்ராஜ் இதைச் சித்திக்காவிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்காமல் வேன் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்துடும்மா. அதுவரைக்கும் நானே போட்டு அணைச்சுக்கிறேன்."

அவர் லைட் போட்டால் நடிகர்கள் எல்லோரும் கல்யாண வீடியோவில் சாப்பிடும்போது மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி தெரிவார்கள். இது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் சித்திக்கா சரி என்றாள்.

திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டிப் போலகம் போகிற வழியில், நின்றுபோன அரிசி மில் ஒன்றுக்கு வெள்ளையடித்து 'அரங்கொளி உயர்கல்விக் கழகம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். மேடை வெளிச்சத்துக்கென்றே நடக்கும் கல்விக்கூடம் இதுபோல் வேறெங்கும் கிடையாது என்று அந்தப் பலகையே சொன்னது. அது பொய்யில்லை என்பது உள்ளே போனதும் விளங்கிவிடும். மாணவர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். பணியாளர்கள் குழுப்படம் எடுக்க வேண்டுமென்றால் படம்பிடிக்கிறவர் ரோட்டுக்குப் போகவேண்டும்.

கழகத்தின் தலைவர் முனைவர் உத்திராபதி. பழங்கால மேடைகளில் எரிந்த விளக்குகளின் திரியைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். எண்ணெயைப் பற்றி யாராவது கேட்டால், அது தன் துறை இல்லை என்று அடக்கமாகச் சொல்லிவிடுவார்.

நேர்முகத் தேர்வில் அவர் சித்திக்காவிடம் இதற்கு முன் எப்போதாவது விளக்கைத் தொட்டதுண்டா என்று கேட்டார். அவள் உற்சாகமாக, மூன்று வருஷமாக நாடகத்துக்கு லைட் போடுகிறேன் சார் என்றாள். தேர்வுக் குழு உறுப்பினர் ஒருவர் தண்ணீர் குடித்தார்.

"அனுபவம் இருப்பதை மறைக்காமல் சொன்னீர்கள், பாராட்டுகிறேன்," என்றார் உத்திராபதி. "பொதுவாக அனுபவத்துக்கு மதிப்பெண் கழிப்போம். செய்து பார்த்தவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை வருவதில்லை. ஆனால் உங்களுக்கு வயது குறைவு. சரிசெய்துவிடலாம்."

அவளைச் சரிசெய்வதற்காக 'மறத்தல் இணைப்புப் பயிற்சி' என்று ஒன்றில் சேர்த்தார்கள். அந்தப் பயிற்சியில் அவளோடு இருந்தவன் மாறன். காரைக்கால்மேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். படகில் ஏறினால் வாந்தியெடுப்பான் என்பதால் அவன் அப்பா அவனைத் தரையிலேயே ஏதாவது படிக்கச் சொல்லிவிட்டார். துறைமுக விளக்குகளைப் பார்த்தே வளர்ந்ததாக விண்ணப்பத்தில் எழுதித் தொலைத்ததில் அவனுக்கும் அனுபவசாலி என்று பெயர் விழுந்துவிட்டது.

பயிற்சியின் முதல் தேர்வில் சித்திக்கா தோற்றுப்போனாள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்திருந்ததுதான் காரணம். மறுதேர்வுக்கு மாறன் ஒரு வழி சொன்னான். அவன் சொன்னபடியே பெயரை மட்டும் எழுதி வெள்ளைத்தாளை மடித்துக் கொடுத்தாள். முதல் வகுப்பில் தேறினாள். உம்மா பக்கத்து வீடுகளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார்.

முதல் பருவத்துக்குப் பாடம் இருள். வெளிச்சத்தைத் தொடுவதற்கு முன் இருட்டை அறியவேண்டும் என்பது கழகத்தின் கொள்கை. பேராசிரியை பாரதிப்ரியா நல்ல மனுஷி, குரலே தாலாட்டு மாதிரி இருக்கும். ஆனால் வகுப்பறையில் பெரிய பெரிய ஜன்னல்கள். திரைச்சீலை வாங்க அனுமதி வரவில்லை. காலையில் வெயில் நேராக மேசைமேல் வந்து படுத்துக்கொள்ளும். அனுமதி வரும்வரை எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று பாரதிப்ரியா கேட்டுக்கொண்டார். அவரும் மூடிக்கொண்டார். வருகைப் பதிவும் அப்படியே நடந்ததால் வராதவர்களும் வந்ததாகப் பதிவாயிற்று. மாறன் தினமும் தூங்கினான். பருவத் தேர்வில் 'இருளில் ஆழ்ந்து ஈடுபடுகிறார்' என்று குறிப்பு எழுதி அவனுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

சித்திக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. முதல் சில வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு கண்ணை மூடியபடியே, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நகர்கிறார்கள், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனிக்கப் பழகினாள். மேடையில் இதுவரை தான் ஒரு நிமிஷம்கூட முழு இருட்டை விட்டுவைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆட்களைக் காட்டுகிற அவசரத்தில் எங்கு பார்த்தாலும் வெளிச்சத்தை வாரி இறைத்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கழகத்தில் உருப்படியாக ஒன்று கற்றுக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் பருவத்தில் விளக்குகளைக் கண்ணில் காட்டினார்கள். கிடங்கில் வரிசை வரிசையாக அட்டைப்பெட்டிகள், பெட்டிக்குள் வெளிநாட்டு ஸ்பாட் லைட்டுகள். கிடங்குக் காப்பாளர் கருப்பையன், மெலிந்த, மரியாதையான மனிதர். பெட்டியைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தார். திறக்க அனுமதி இல்லை. சித்திக்கா காரணம் கேட்டபோது பொறுமையாக விளக்கினார்.

"பல்புக்கு ஆயுசு இவ்வளவு மணி நேரம்னு இருக்கும்மா. எரிய விட்டா ஆயுசு கொறையும். போன வருஷம் இருந்தது இந்த வருஷமும் கொறையாம இருக்கணும், அதாம்மா இருப்பு. கொறஞ்சா நான் பதில் சொல்லணும்."

கழகம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மணி நேரம்கூடக் குறைந்ததில்லை என்று அவர் சொன்னபோது அதில் பெருமைகூட இருந்தது.

ஆகவே மாணவர்கள் அட்டையில் விளக்கு செய்துகொண்டார்கள். தெர்மாகோலில் உடம்பு, கறுப்புத்தாளில் மூடி, முன்பக்கம் வட்டமாக வெள்ளைத்தாள். அதைக் கம்பியில் தொங்கவிட்டு, மேடையைப் பார்த்துத் திருப்பி, அதிலிருந்து எந்த மாதிரி வெளிச்சம் வந்திருக்கும் என்று வாயால் சொல்லவேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்திருந்தார்கள். மாறன் தன் அட்டை விளக்கைத் திருப்பியபோது அவர் கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"கூசுகிறது. கொஞ்சம் குறையுங்கள்," என்றார்.

மாறன் யோசித்து, தெர்மாகோலை அரை அங்குலம் பின்னுக்கு நகர்த்தினான். அவர் கையை இறக்கி, இப்போது பரவாயில்லை என்றார். சித்திக்காவின் முறை வந்தபோது அவள் நடுக்கடலில் விடிகிற நேரத்து நீலத்தை விவரித்தாள். அவர் வெறும் மேடையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நீலம் வெளுத்திருக்கிறது, அடுத்த தடவை நல்ல தாள் போடுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான், தானும் அந்த நீலம் வெளுத்திருந்ததாகவே ஒரு கணம் நம்பியது ஞாபகம் வந்தது. அன்று அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் தொழில் வழிகாட்டல் விழா வைத்தார்கள். இங்கே படித்தால் வெளியே வேலை கிடைக்குமா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக, சில பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். மீரா சாகிபும் சஃபியாவும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். உத்திராபதி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நமது கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் வேலை கிடைக்காதவர் ஒருவர்கூட இல்லை. இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். முதல் அணியில் படித்தவர்களில் ஒருவர் இங்கே நூலகர். ஒருவர் என் தனிச் செயலர். ஒருவர் நம் கழகத்தின் கையேடு அச்சிடுவதைக் கவனிக்கிறார். தங்கப் பதக்கம் வாங்கிய கருப்பையன், அதோ நிற்கிறாரே, கிடங்கை நிர்வகிக்கிறார். வெளியே போய்த் திண்டாட வேண்டிய நிலை நம் மாணவர் யாருக்கும் இதுவரை வந்ததில்லை. இனியும் வராதபடி பார்த்துக்கொள்வோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கருப்பையன் நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டார். மீரா சாகிப் மட்டும் மனைவியின் பக்கம் சாய்ந்து, நம் கடையில் விற்காத சட்டையை நாமே போட்டுக்கொள்வோமே, அது மாதிரி இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார். சஃபியா அவரை முறைத்தார்.

சித்திக்காவின் காதில் இது எதுவும் விழவில்லை. அவள் கருப்பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழா முடிந்ததும் தேடிப் போய், நீங்களும் லைட் படித்தவரா அண்ணே என்று கேட்டாள். அவர் சிரித்தார். தஞ்சாவூரில் சின்ன வயதில் ஒரு நாடகம் பார்த்து, அந்த வெளிச்சத்தில் மயங்கித்தான் வந்து சேர்ந்ததாகச் சொன்னார். அட்டை விளக்கில் அவரை அடிக்க ஆள் இல்லையாம். நிஜ விளக்கை ஒரு தடவையாவது எரியவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று அவள் கேட்டதற்கு, பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பேன், உள்ளே உடைந்த சத்தம் கேட்காது என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அருள்ராஜ் ஃபோன் செய்தார். சித்திக்கா இல்லாத காலத்தில் குழு மெலிந்துவிட்டிருந்தது. நடிகர்கள் சிலர் துபாய்க்கும் சிலர் சீரியலுக்கும் போய்விட்டார்கள். அவள் இந்த ஆண்டே பட்டம் வாங்கிவிடுவாள் என்று எழுதிக் கொடுத்ததில், நல்கைக் குழுவினர் புது நாடகத்தை நேரில் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வேனை விற்றுவிட்டு இன்சூரன்ஸோடு இருந்துவிட வேண்டியதுதான் என்றார் அருள்ராஜ். நாடகம் இரண்டு மீனவச் சகோதரர்களைப் பற்றியது. எஞ்சின் நின்றுபோன படகில், ராத்திரி முழுக்க நடுக்கடலில், ஒருவரையொருவர் மன்னிக்க முடியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விடியும்போது முடிகிறது. அது முழுக்க முழுக்க வெளிச்சத்தை நம்பிய நாடகம்.

கழகத்தின் ஆண்டு விழாவும் அவர்கள் வருகிற வாரத்திலேயே வந்தது. கழகம் ஊராரோடு உறவாடவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்ததால், நாடகத்தை இங்கேயே போடலாம் என்று உத்திராபதி உடனே சம்மதித்தார். விளக்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்ளவும் அனுமதித்தார். எரிய விட மட்டும் அனுமதிக்கவில்லை. வெளிச்சம் வேண்டுமென்றால் நாடகத்தை மாலை நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், மைதானத்தில் நல்ல வெயில் இருக்கும் என்றார்.

மாறன் தலையில் கைவைத்துக்கொண்டான். "பட்டப்பகல் வெயில்ல ஒக்காந்து, இருட்டுல கரை தெரியலன்னு அழுதா எங்கூர்ல கல்லெடுத்து அடிப்பாங்க," என்றான்.

சித்திக்கா இரண்டு நாள் அலுவலகத்துக்கு நடந்தாள். கெஞ்சினாள். வாதாடினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது நாள் போனபோது கருப்பையன் ஒரு மூலையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். ஆண்டுதோறும் நடக்கும் இருப்புச் சரிபார்ப்பில், விளக்கு எரிகிற நிலையில் உள்ளதா என்ற கேள்விக்கு அவர் வழக்கமாக 'நம்பப்படுகிறது' என்று எழுதுவார். தணிக்கைக்காரர்கள் இந்த முறை அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டிருந்தார்கள். எரிகிறதா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் அடித்துச் சொல்லவேண்டுமாம். எரியவிட்டால் ஆயுள் குறையும், எரியவிடாவிட்டால் பதில் சொல்லமுடியாது. தூக்கமே வரவில்லையம்மா என்றார்.

சித்திக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குள் அப்போது விழித்துக்கொண்டது லைட் போடுகிறவள் அல்ல. இரண்டு வருஷமாகக் கழகம் ஊட்டி வளர்த்திருந்த முதுகலை மாணவி.

அன்றே மாறனோடு தலைவரின் அறைக்குப் போனாள். நாடகம் என்ற வார்த்தையை அவள் வாயில் எடுக்கவே இல்லை. இருப்புச் சரிபார்ப்பை ஒரு கல்விப் பணியாக மாணவர்களே நடத்திக்கொடுக்க விரும்புவதாகச் சொன்னாள். விளக்கு எரிகிறதா என்று பகலில் பார்த்தால் தெரியாது, இருட்டு தேவை என்றாள். அங்கே உட்கார்ந்திருந்த பாரதிப்ரியாவின் முகம் மலர்ந்துவிட்டது. தன் பாடம் பயன்பாட்டுக்கு வந்ததை அவர் முதன்முறையாகப் பார்க்கிறார். அடுத்து, ஒளி ஒரு பொருள்மேல் விழும்போதுதான் ஒளியாகிறது என்று தலைவரின் ஆய்வேட்டிலேயே இருப்பதால், ஆட்கள் சிலர் எதிரே நிற்பது அவசியம் என்றான் மாறன். அவன் அந்த ஆய்வேட்டைப் படித்ததில்லை. அதில் அப்படி இருக்கிறதா என்று உத்திராபதிக்கும் நினைவில்லை. ஆனால் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கவேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கழகத்தின் விளக்குகளை வைத்து இங்கே நாடகம் நடக்கக்கூடாது. சரிபார்ப்பு நடக்கலாம். சரிபார்ப்பு நடக்கும்போது எதிரே நிற்பவர்கள் தங்களுக்குள் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால், அதற்குக் கழகம் பொறுப்பாகாது. ஊர்மக்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கும் பொறுப்பாகாது."

அந்த வாரம் சித்திக்கா ஏணியை விட்டு இறங்கவே இல்லை. விளக்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைமாற்றியபோது கருப்பையன் குழந்தையைக் கொடுப்பவர் மாதிரி கழுத்துக்குக் கீழே தாங்கிக் கொடுத்தார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரை எப்படி இயக்குவது என்று கையேட்டைப் பார்த்து மாறன் கற்றுக்கொண்டான். நிஜ விளக்கைத் தொட்டு வெகுநாள் ஆகிவிட்டதால் முதல் நாள் சித்திக்காவுக்கே பாதி தப்பாகப் போயிற்று. படகில் விழவேண்டிய வெளிச்சம் பாரதிப்ரியாவின் மேல் விழுந்தது. அவர் நகராமல் அதிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

ஆண்டு விழா அன்று பொழுது சாய்ந்ததும் மில் முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. போலகத்திலிருந்தும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் வந்திருந்தார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து மாறனின் அப்பா ஒரு டெம்போ நிறைய ஆட்களை ஏற்றிவந்தார். நல்கைக் குழுவினர் நாற்காலியில் இருந்தார்கள். மேடைக்கு மேலே 'இருப்புச் சரிபார்ப்பு விழா' என்று பேனர் தொங்கியது. நாடகத்தின் பெயரே அதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

விதிப்படி, ஒவ்வொரு விளக்கும் எரியும்போது காப்பாளர் பார்த்து உரக்கச் 'சரி' சொல்லவேண்டும். கருப்பையன் மேடையோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் முழு இருட்டு. சித்திக்கா அதை நெடுநேரம் அப்படியே விட்டுவைத்தாள். இருட்டுக்குள் இரண்டு குரல்கள் சண்டை போட்டன. அண்ணன் எங்கே, தம்பி எங்கே என்று கூட்டம் காதால் தேடியது. அப்புறம்தான் படகின் நுனியில் மட்டும் ஒரு கீற்று விழுந்தது. இருட்டிலிருந்து "சரி" என்றது ஒரு குரல். கூட்டத்தில் சிலருக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணன் தன் குற்றத்தைச் சொல்லி முடித்ததும் இன்னொரு விளக்கு, இன்னொரு "சரி". தம்பி அழுதபோது மறுபடியும். முன்வரிசையில் இருந்த நல்கைக் குழுத் தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், கடவுளின் குரலை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தி எங்கும் பார்த்ததில்லை என்று கிசுகிசுத்தார்.

கடைசிக் காட்சி. மாறன் டிம்மரை மெல்ல மெல்ல ஏற்றினான். கடலின் விளிம்பில் ஒரு சாம்பல் வந்து, அது நீலமாகி, நீலத்துக்குள் மஞ்சள் கசிந்து, மீதமிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. படகில் இரண்டு சகோதரர்களும் ஒருவரையொருவர் முதன்முறையாக முகம் பார்த்தார்கள். கரை தெரிந்தது.

'சரி' வரவில்லை.

நடிகர்கள் காத்திருந்தார்கள். கூட்டமும் காத்திருந்தது. சித்திக்கா பதறிப்போய் ஏணிமேலிருந்து எட்டிப் பார்த்தாள். கருப்பையன் முக்காலியை விட்டு எழுந்து, அந்த வெளிச்சத்தின் ஓரத்துக்கே வந்து நின்றுவிட்டிருந்தார். அவர் முகத்திலும் சட்டையிலும் விடியற்காலை விழுந்துகொண்டிருந்தது. தங்கப் பதக்கம் வாங்கிய அன்று இதைத்தான் அவர் வாயால் விவரித்திருக்கவேண்டும். கையை நீட்டி வெளிச்சத்துக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "சரிதான்" என்றார்.

காரைக்கால்மேட்டுக்காரர்கள் சீட்டியடித்த சத்தம் பட்டினம் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

நல்கை கிடைத்தது. அருள்ராஜ் வேனுக்குப் புது டயர் போட்டார். இந்த வெற்றியைத் தான் ஆரம்பத்திலேயே எதிர்பார்த்ததாக உத்திராபதி நன்றியுரையில் சொன்னார். அடுத்த ஆண்டிலிருந்து சரிபார்ப்புக் கலையில் தனி முதுகலைப் படிப்பு தொடங்கப்போவதாகவும், அதற்குச் சித்திக்காவையே விரிவுரையாளராக நியமிக்கத் தயார் என்றும் அறிவித்தார். வெளியே போய்த் திண்டாட வேண்டாம் என்று தனியாக அழைத்து அன்போடும் சொன்னார். சித்திக்கா நன்றி சொல்லி, திண்டாடிப் பார்க்கிறேன் சார் என்றாள்.

கருப்பையனுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. எல்லா விளக்குகளும் எரிகின்றன என்று சான்றளித்ததற்குப் பாராட்டு. எரிந்ததில் ஆயுள் குறைந்ததற்கு விளக்கம் தேவை. அவர் விளக்கத்துக்குப் பதிலாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அருள்ராஜின் வேனில் ஏறிக்கொண்டார். மாறன் அவருக்கு முன்பே ஏறியிருந்தான். தரையில் ஓடுகிற வரைக்கும் எனக்கு எந்த வண்டியும் ஒத்துக்கும் என்றான்.

சஃபியா இப்போது பெண் பார்க்க வருகிறவர்களிடம் மகள் எம்.ஏ. என்றே ஆரம்பிக்கிறார். எதில் என்று கேட்கிறவர்கள் வேண்டாம், கேட்காதவர்களாகப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று சித்திக்கா சொல்லிவைத்திருக்கிறாள். ஆனால் சஃபியா நாகூரில் நடந்த காட்சிக்குத் தன் தங்கைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய், மேடையில் விடியற்காலை வரும்போது முழங்கையால் இடித்து, அது நம்ம புள்ள செய்யறது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை வாப்பா பார்த்திருக்கிறார்.

கழகத்தின் புதுக் கையேட்டில் சித்திக்காவின் படம் அட்டையிலேயே வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அம்பகரத்தூரிலிருந்து அஞ்சுகம் என்று ஒரு பெண் ஃபோன் செய்தாள். கல்லூரியை முடித்துவிட்டாளாம். நாடகத்துக்கு லைட் போடுவதையே தொழிலாக வைத்துக்கொள்ள ஆசையாம். அங்கே படித்தால் பிரயோஜனம் உண்டா, உள்ளதைச் சொல்லுங்கள் அக்கா என்றாள்.

சித்திக்கா அப்போது திருவாரூரில் ஒரு மண்டபத்தில் ஏணி உச்சியில் இருந்தாள். வேண்டாம் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. கீழே பார்த்தாள். மாறன் வயரைச் சுற்றிக்கொண்டே ஏதோ சொல்ல, கருப்பையன் கையில் கலர் தாளோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"சேரும்மா," என்றாள். "நல்ல ஆளுங்க கெடைப்பாங்க. படிக்க வர்றவங்களச் சொல்றேன்."